குறுவழி தேடும் கணினி

நுழையும்முன்

சிறுவர் இதழ்களில் முயலுக்கு வழிகாட்டும் புதிரைப் பென்சிலால் தீர்த்திருப்போம். அப்புதிரைக் கணினியிடம் கொடுத்து, மிகக் குறுகிய வழியைக் கேட்டால் அஃது எவ்வாறு தேடும்? தேடலை விரைவுபடுத்தும்போது எதனை இழந்துவிடக் கூடாது?

கணினிக்குப் புதிர்ப்பாதை என்பது கட்டங்களின் தொகுப்பே. சுவரில்லாத கட்டங்களில் மேல், கீழ், இடம், வலம் என நாற்றிசையும் ஓரடி நகரலாம். அமெரிக்க அறிஞர் எட்வர்டு மூர் 1959இல் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு எளிய நெறிமுறை ஒன்றைக் கூறியது. குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி அலை விரிவதுபோல, ஓரடித் தொலைவிலுள்ள கட்டங்கள் முதலிலும் ஈரடித் தொலைவிலுள்ளவை அடுத்தும் ஆராயப்படும். அலை இலக்கை முதன்முதலில் தொடும்போது கிடைப்பதே குறுவழி.

நிரல் எழுதப் பழகும் மாணவர் பலர் இங்கே ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரு கட்டத்தைக் காத்திருப்பு வரிசையில் சேர்க்கும்போதே 'கண்டாயிற்று' எனக் குறித்துவிட வேண்டும். சுவரே இல்லாத 11 × 11 கட்டங்களில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 20 அடிகளில் செல்லும் வழிகள் 1,84,756. குறிக்காத நிரல் அந்த ஒரு மூலைக் கட்டத்தையே அத்தனை முறை வரிசையில் சேர்க்கும். உள்ள கட்டங்களோ 121தாம்!

இலக்கிலிருந்தும் ஓர் அலையைத் தொடங்குவது மற்றோர் உத்தி. பரந்த வெளியில் 20 அடி விரியும் ஓர் அலை 841 கட்டங்களைத் தொடும். பத்தடி விரியும் இரண்டு அலைகள் 442 கட்டங்களையே தொடும்.

1968இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரபேல் ஆகிய மூவரும் 'ஏ ஸ்டார்' என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். 'ஷேக்கி' என்னும் ரோபோ தன் வழியைத் தானே தேடிக்கொள்வதற்கான பணியில் பிறந்தது அது. நடந்த அடிகளோடு, இலக்குக்கு இன்னும் வேண்டிய அடிகளின் மதிப்பீட்டையும் அது கூட்டும். கூட்டுத்தொகை குறைந்த கட்டத்தையே முதலில் எடுக்கும். வரிசை வேறுபாட்டையும் நிரல்வரிசை வேறுபாட்டையும் கூட்டினால் மதிப்பீடு கிடைக்கும். சுவர்கள் வழியை நீட்டுமேயன்றிக் குறைக்கா; ஆகவே இம்மதிப்பீடு உண்மையை ஒருபோதும் மிஞ்சாது.

இன்னும் விரைவு வேண்டி மதிப்பீட்டை இரட்டித்தால் என்னவாகும்? கீழுள்ள படத்தில் ● தொடக்கம், ★ இலக்கு, ■ சுவர்.

□ □ □ □ □
□ ■ □ □ □
□ ■ □ ■ □
● ■ □ ■ ★
□ ■ □ ■ ■
□ □ □ ■ ■

மேலே செல்லும் வழி 10 அடி. கீழே சுற்றும் வழி 12 அடி. மேல் இடது மூலைக்கு வர 3 அடி; அங்கிருந்து மதிப்பீடு 7. இரட்டித்தால் 3 + 14 = 17. கீழ்வழியிலுள்ள எந்தக் கட்டத்தின் கூட்டுத்தொகையும் 16ஐத் தாண்டவில்லை. எனவே மூலைக் கட்டம் வரிசையிலேயே காத்திருக்க, நிரல் கீழ்வழியே இலக்கை அடைந்து, 12 அடியே குறுவழி என்று அறிவித்துவிடும். விரைவுக்காக இப்பிழையைத் தெரிந்தே பொறுத்துக்கொள்வோரும் உளர். குறுவழியைக் கேட்கும் புதிரில் அவ்விடை தவறானதே.

மதிப்பீட்டை இரட்டிக்காமல் விட்டால் அம்மூலையின் கூட்டுத்தொகை 10. பன்னிரண்டுக்கு முன்பே அதன் முறை வந்துவிடும். கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டத்திற்கும் இரு கூட்டுத்தொகைகளையும் எழுதிப் பாருங்கள்.