பிசைந்தவர் ஒருவர், சுட்டவர் வேறொருவர்

அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் மதீனாவில் குடும்பம் நடத்திய ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அவர்கள்தான். ரொட்டி சுடுவது மட்டும் சரியாகக் கைவரவில்லை. பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்களே சுட்டுக் கொடுத்தார்கள். நேர்மையான பெண்கள் என்று அவர்களை அஸ்மா (ரலி) பாராட்டுகிறார்கள்.

பயான்களில் இச்செய்தியைக் குடும்பப் பெண்ணின் உழைப்புக்கு உதாரணமாகவே பெரும்பாலும் கேட்கிறோம். அந்த அண்டை வீட்டுக்காரிகளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மொராக்கோவில் இதே போன்ற வழக்கத்தைப் பார்க்கலாம். ஃபெஸ் போன்ற பழைய நகரங்களில் மஹல்லாவுக்கு மஹல்லா பள்ளிவாசல், குளியல் கூடம் இவற்றோடு 'ஃபர்ரான்' என்ற பொது அடுப்பும் உண்டு. வீட்டில் தாய்மார்கள் அகன்ற மண் தட்டிலோ மரத்தட்டிலோ மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் அடுக்கி, துணி போர்த்திக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குப் போவார்கள். எந்த ரொட்டி யார் வீட்டுடையது என்று தெரிய ஒரு வீட்டார் அச்சுக் குத்துவார்கள், இன்னொரு வீட்டார் விரலால் அடையாளம் வைப்பார்கள். வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வந்தபின் ஃபர்ரான்கள் குறைந்துவிட்டன. ஆனாலும் வீட்டில் பிசையும் பழக்கம் போய்விடவில்லை. சூடான ரொட்டியைப் பிய்த்து, அதனாலேயே குழம்பை அள்ளிச் சாப்பிடும் ருசி அப்படி.

நம் வீடுகளில் பெரியவர்கள் சிலர் ஈஸ்ட் என்றதும் தயங்குகிறார்கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றிப் புளிக்கவைத்த காலத்தை அறிந்தவர்கள் அவர்கள். தயக்கத்தில் நியாயம் உண்டு. ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், காளான் இனத்தைச் சேர்ந்தது. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மாவு உப்புவது அதனால்தான். கூடவே சிறிதளவு ஆல்கஹால் உண்டாவதும் உண்மை. அதன் பெரும்பகுதி சுடும்போது ஆவியாகிவிடும். ரொட்டி போதை தராது. புளித்த மாவுக்கு அரபியில் 'கமீர்', மதுவுக்கு 'கம்ர்'. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். ஆனாலும் மதுவை விலக்கிய அதே சமுதாயம் புளித்த ரொட்டியை நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டே வந்திருக்கிறது. மனம் ஒப்பாதவர்கள் தமக்குத் தெரிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி செய்முறை. கோதுமை மாவு 350 கிராம், மெல்லிய ரவை 150 கிராம், உலர் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லி. மாவு இழுத்தால் இன்னும் கொஞ்சம். விரல் பொறுக்கும் சூடுதான் கணக்கு. கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு கல்லாகக் கிடக்கும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். இதில் அவசரம் கூடாது. கையில் ஒட்டுவது நின்று, மாவு இழுபட ஆரம்பிக்கும். மூன்று உருண்டையாக்கி, பத்து நிமிடம் விட்டு, விரல் கனத்துக்குத் தட்டி, துணி போர்த்தி வையுங்கள். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி நேரத்தில் உப்பிவிடும். முள்கரண்டியால் குத்திவிட்டு, 220 டிகிரி சூட்டில் இருபது நிமிடம் சுட வேண்டும். அடிப்பக்கம் தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும்.

ஓவன் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். இன்னும் சிறிய வட்டங்களாகத் தட்டி, கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் திருப்பிப் போட்டு எடுக்கலாம். மொராக்கோவில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, 'பத்பூத்'.

தெருவில் ஒரு வீட்டில் ஓவன் இருந்தாலும் போதும். ஒருமுறை சூடேற்றினால் இரண்டு மூன்று வீட்டு மாவை அடுத்தடுத்து வைத்து எடுக்கலாம், கரண்டும் மிச்சம். முள்கரண்டியால் குத்தும்போது ஒரு வீட்டுக்கு மூன்று குத்து, அடுத்த வீட்டுக்கு நான்கு குத்து என்று பேசி வைத்துக்கொண்டால் ரொட்டி மாறிப் போகாது.