தீட்டிய கத்தியின் கூரைப் பரிசோதிக்க எந்த உருப்பெருக்கி?

வெள்ளிக்கிழமை இரவு தீட்டுக்கல்லில் தீட்டப்பட்ட கத்தி, சனிக்கிழமை காலை மீனையும் தக்காளியையும் எளிதாக வெட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதே கத்தி வெங்காயத் தோலின் மீது வழுக்குகிறது. வெட்டுபவர் சற்று அழுத்துகிறார். கத்தி மேலும் வழுக்குகிறது. வழுக்கிய கத்தி இறங்கும் இடம் பெரும்பாலும் இடக்கையின் சுட்டுவிரலாகவே இருக்கும். மழுங்கிய கத்தியே கூரிய கத்தியை விட ஆபத்தானது என்று சமையற்கூடங்களில் பணிபுரிவோர் கூறுவதன் பொருள் இதுதான். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்தத்தோடு விலகும் கத்தியைக் கையால் கட்டுப்படுத்த இயலாது.

கத்தி இரண்டே நாளில் மழுங்கியதற்கு இரும்பு தரமற்றது என்றும், கல் நல்லதன்று என்றும் காரணம் சொல்லப்படுவதுண்டு. உண்மையில், அக்கத்தி முதல் நாளிலும் முறையாகத் தீட்டப்பட்டிருக்கவில்லை என்பதே அடிக்கடி நிகழ்வது. கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கும்போது, உலோகத்தின் மிக மெல்லிய விளிம்பொன்று மறுபக்கமாக மடிந்து நிற்கும். இதனைப் பிசிறு என்பர். பிசிறு மெல்லியதாகையால் முதலில் நன்றாகவே வெட்டும். தீட்டியவர் ஏமாந்து விடுவார். சில தடவை வெட்டியதும் அது மடிந்துவிடும், அல்லது முறிந்து உணவோடு கலந்துவிடும். பிசிறு நீங்கியதா என்பதை அறிவதே, வீட்டில் கத்தி தீட்டுவோருக்கு உருப்பெருக்கி செய்யும் தலையாய உதவி. விளிம்பில் ஏற்பட்ட சிறு உடைவுகளைக் கண்டறிவதும், கத்தி கல்லின் மீது சரியான சாய்வில் பிடிக்கப்பட்டதா என்று பார்ப்பதும் அதற்கு அடுத்தவை.

வெறுங்கண் எதுவரை காணும்? நல்ல பார்வையுடையவர் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் அளவுள்ள நுட்பத்தைப் பிரித்தறிவார். அது தலைமயிர் ஒன்றின் தடிப்பை ஒத்த அளவு. மீன் முள்ளில் பட்டு விளிம்பில் உண்டான உடைவு அதனிலும் பெரிதாயின் கண்ணுக்குத் தெரியும். பிசிறோ அதனிலும் பன்மடங்கு மெல்லியது. 10 மடங்கு பெருக்கும் வில்லை ஒன்றால் 0.01 மில்லிமீற்றர், அதாவது 10 மைக்கிரோன் அளவு வரை எட்டலாம். 1000 என்ற எண்ணுடைய நீர்க்கல்லில் உள்ள துகள்களின் அளவும் ஏறத்தாழ 10 முதல் 15 மைக்கிரோன் வரையிலானது. ஆகவே அக்கல் விட்டுச்சென்ற கோடுகள் அத்தகைய வில்லையின் கீழ்த் தென்படத் தொடங்கும். வீட்டுக் கத்தியைப் பொறுத்தவரை இவ்வளவே போதும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. மிகக் கூரிய கத்தியின் முனைவிளிம்பு ஒரு மைக்கிரோனிலும் மெல்லியது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்கிரோன் வரை இருப்பதால், அந்த விளிம்பின் உண்மையான வடிவை எந்தக் கைவில்லையும் காட்டாது. உருப்பெருக்கியில் தெரிவது கூர்மையன்று. கூர்மையில் உள்ள குறைகளே. குறை எதுவும் தெரியாத இடத்தை நல்ல கூர் என்று கொள்கிறோம். இதை உணராதவர்கள் 10 போதாதென்று 60 வாங்கி, 60 போதாதென்று 200 வாங்கிப் பணத்தை இழக்கின்றனர்.

விற்பனைப் பெட்டிகளில் அச்சிடப்படும் எண்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். உருப்பெருக்க அளவு என்பது 250 மில்லிமீற்றரை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்து வருவது. குவியத் தூரம் 25 மில்லிமீற்றர் எனில் 10 மடங்கு; 50 எனில் 5 மடங்கு. 30 மடங்கு உண்மையாக இருக்க வேண்டுமாயின் குவியத் தூரம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். அவ்வளவு குறுகிய தூரத்தில் குவியும் வில்லை மிகச் சிறியதாகவே இருக்க முடியும். எனவே 21 மில்லிமீற்றர் அகலமான ஒற்றை வில்லையின் மேல் 30 என்று பொறிக்கப்பட்டிருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில், அறையின் மறுகோடியில் எரியும் மின்விளக்கை நோக்கி வில்லையைப் பிடித்து, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். விளக்கின் தலைகீழான சிறு உருவம் தாளில் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, வில்லைக்கும் தாளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அடிமட்டத்தால் அளந்தால் குவியத் தூரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இச்சோதனைக்குச் சூரியனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது, தாள் தீப்பற்றும். வில்லையை யன்னலோரத்தில் திறந்தபடி வைப்பதும் அவ்வாறே ஆபத்தானது. யன்னலோரத்துக் கண்ணாடிப் பொருள்களின் ஊடாகக் குவிந்த வெயிலால் வீடுகளில் தீ மூளுவது குறித்து இலண்டன் தீயணைப்புப் படை பலமுறை எச்சரித்துள்ளது.

பெருக்கம் கூடக்கூட மூன்று இழப்புகள் சேர்ந்து வரும். ஒரே பார்வையில் தெரியும் பரப்புச் சுருங்கும். தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். கத்தி முகத்தை நெருங்கும். 10 மடங்கு வில்லையில் சுமார் ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமான விளிம்பை ஒரே நேரத்தில் பார்க்கலாம். 20 சென்ரிமீற்றர் நீளமான சமையற்கத்தியைப் பதினைந்துக்கு மேற்படாத பார்வைகளில் முடித்துவிடலாம். 60 மடங்கு பெருக்கும் சட்டைப்பை நுணுக்குக்காட்டியில் தெரிவது சில மில்லிமீற்றரே. முழு விளிம்பையும் அதனால் பார்ப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். பார்க்கப்படாது விடப்பட்ட இடத்திலேயே உடைவு இருக்கும்.

அகலமான ஒற்றை வில்லையில் நடுப்பகுதி மட்டுமே தெளிவாக இருக்கும். ஓரங்களில் உருவம் வளையும். விளிம்பைச் சுற்றி நீலமும் செம்மஞ்சளுமாக நிறக்கோடுகள் தோன்றும். கத்தி விளிம்பைப் பார்ப்பவருக்கு இந்த நிறக்கோடு பிசிறு போலவே தெரிந்து குழப்பும். மூன்று வில்லைகளை ஒன்றாக ஒட்டிச் செய்யப்பட்ட, ‘ட்ரிப்லெட்’ எனப்படும் உருப்பெருக்கியில் இக்குறை பெருமளவு நீக்கப்பட்டிருக்கும். நகை வணிகர் கண்ணருகே வைத்துப் பார்க்கும் மடக்கு வில்லை பெரும்பாலும் இவ்வகையினதே. வைரத்தின் தெளிவைத் தரம் பிரிக்கும் வழக்கமும் 10 மடங்குப் பெருக்கத்தையே அளவுகோலாகக் கொண்டது. ஒரேயொரு கருவி வாங்க விரும்பும் இல்லத்தவர் 10 மடங்கு, 18 முதல் 21 மில்லிமீற்றர் அகலம் கொண்ட ட்ரிப்லெட் ஒன்றை வாங்கினால் மேலும் தேட வேண்டிய தேவை எழாது.

வில்லையைப் போலவே ஒளியும் முக்கியமானது. பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. கூரையின் நடுவே எரியும் விளக்கு எல்லாவற்றையும் ஒரே சீராக ஒளியூட்டிப் பிசிறை மறைத்துவிடும். மேசை விளக்கையோ சிறு மின்சூளையோ ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்து, ஒளி விளிம்பின் குறுக்கே சரிந்து விழுமாறு செய்ய வேண்டும். பிசிறு இருந்தால் அது விளிம்பை ஒட்டி ஓடும் வெண்ணிற நூல் போல மினுங்கும். கத்தியைச் சற்றே சாய்க்கும்போது அந்நூல் தோன்றி மறைந்தால் அது பிசிறே. சிறு எல்.ஈ.டி விளக்குப் பொருத்திய வில்லைகள் வசதியானவை. ஆயினும் ஒளி நேர்முன்னே விழுவதால், பளபளப்பான உலோகத்தில் கண் கூசும். அவ்விளக்கை அணைக்கக்கூடிய வகையையே தெரிவு செய்தல் வேண்டும்.

இனி ஆபத்தைப் பற்றி. 10 மடங்கு வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பார்க்கும் பொருள் வில்லையிலிருந்து இரண்டரைச் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். நகைக்கு இது பொருந்தும். நீண்ட கத்தியை இவ்வாறு முகத்தருகே தூக்கிப் பிடித்தல் கூடவே கூடாது. அவ்வேளையில் யாரேனும் தோளில் தட்டி அழைத்தால், அல்லது குழந்தை ஒன்று ஓடி வந்து மேசையில் மோதினால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து, மேசை மீது மடித்துப் பரப்பிய ஈரத்துணியில் தட்டையாக, விளிம்பு பார்ப்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி வைக்க வேண்டும். அமர்ந்த நிலையில், முழங்கைகளை மேசையில் ஊன்றி, வில்லையோடு தலையைக் கத்தியை நோக்கித் தாழ்த்த வேண்டும். கத்தி தலையை நோக்கி வரலாகாது. ஒரு பகுதியைப் பார்த்து முடித்ததும் தலையை நிமிர்த்தி, பிடியைப் பற்றிக் கத்தியை நகர்த்தி, மீண்டும் குனிய வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பி வைத்து மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிசிறு எப்போதும் கடைசியாகத் தீட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஒளிந்திருக்கும்.

கை நடுக்கம் உடையவர்களுக்கும் குனிந்திருக்க இயலாத முதியோருக்கும் இம்முறை ஏற்றதன்று. அவர்களுக்கு இரு வழிகள் உண்டு. தலையில் அணியும் உருப்பெருக்கி 2 முதல் 3.5 மடங்கு வரையே பெருக்கும். ஆனால் கத்தியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க இடமளிக்கும், இரு கைகளும் விடுபட்டிருக்கும். மற்றையது, தாங்கியில் பொருத்திக் கணினித் திரையில் படம் காட்டும் யூ.எஸ்.பி நுணுக்குக்காட்டி. அதன் பெட்டியிலுள்ள 500, 1000 என்ற எண்கள் பெரும்பாலும் திரையின் அளவைச் சேர்த்துச் சொல்லப்படும் வீண் எண்களே. இருப்பினும் முகம் கத்தியிலிருந்து முற்றாக விலகியிருப்பதும், ஒரே படத்தை இருவர் பார்த்துக் கலந்துபேச முடிவதும் அதன் உண்மையான நன்மைகள். உணவகச் சமையற்கூடத்தில் புதியவருக்குத் தீட்டக் கற்பிப்பவர்க்கு இது மிகவும் பயன்படும்.

சாய்வைச் சரிபார்க்க ஓர் எளிய உத்தி உண்டு. தீட்டுமுன் விளிம்பை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் இரண்டு மூன்று முறை மட்டும் இழுத்து, வில்லையால் பார்க்க வேண்டும். விளிம்பருகே மை எஞ்சி, மேற்புறத்தில் மட்டும் நீங்கியிருந்தால் கத்தி அளவுக்கு மீறிப் படுக்க வைக்கப்பட்டுள்ளது. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் விளிம்பு கூராகாது. விளிம்பில் மட்டும் நீங்கியிருந்தால் கத்தி அளவுக்கு மீறி நிமிர்ந்துள்ளது. சரிவு முழுவதிலும் மை நீங்கியதே சரியான சாய்வு. ஆண்டுக்கணக்கில் தீட்டியும் கூர் வரவில்லை என்று வருந்துவோரில் பலருக்கு இந்த ஒரு பார்வை விடை தந்துவிடும்.

கடினமான உருக்கினால் ஆன யப்பானிய வகைக் கத்திகளை வைத்திருப்போர் உடைவுகளைக் குறித்துக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். உறைந்த இறைச்சியிலும் எலும்பிலும் அவற்றைப் பயன்படுத்தினால் விளிம்பு வளையாது, துண்டாக உடையும். உடைந்த துண்டு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு உணவு விற்பனை செய்வோர் பதில் சொல்லியாக வேண்டும். பணி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் விளிம்பை வில்லையால் ஒருமுறை பார்ப்பது அவர்களுக்கு வீண்வேலையன்று.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்குக் கிட்டப்பார்வை தளர்வது இயல்பு. கத்தி விளிம்பு தெரியவில்லை என்று வில்லை வாங்கச் செல்லுமுன், மங்கியது விளிம்பா கண்ணா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்டோர், நீரிழிவு நோய் கண்டறியப்பட்டோர், குளுக்கோமா நோயுடைய பெற்றோரோ உடன்பிறப்போ பிள்ளையோ உள்ள 40 வயதுக்கு மேற்பட்டோர் ஆகியோருக்குத் தேசிய சுகாதார சேவையின் கண்பரிசோதனை இலவசம்.

பரிசோதித்தபின் கத்தியைத் தொழில்முறைத் தீட்டுநரிடம் கொண்டுசெல்ல முடிவெடுப்போர் சட்டத்தையும் மனத்திற் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருத்தல் குற்றமாகும்; உச்சத் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை மீறாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு உண்டு. நியாயமான காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு கத்தியை வைத்திருப்பவருடையது. தீட்டுவதற்காக எடுத்துச் செல்வது அத்தகைய காரணமாக அமையலாம். ஆயினும் விளிம்பை அட்டையால் மூடித் துணியிற் சுற்றிப் பெட்டியில் இட்டு, நேராகச் சென்று நேராகத் திரும்புவதும், பற்றுச்சீட்டை வைத்திருப்பதும் அவசியம். காரிலேயே மறந்து விட்டுவிட்டேன் என்பது மட்டும் நியாயமான காரணமாக ஏற்கப்படுவதில்லை. வீடு திரும்பியதும் கத்தியை முதலில் சமையலறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்றப் பொருள்களைப் பின்னர் இறக்கலாம்.