கல்லும் நீரும் கலந்த மத்திய இந்தியா



சுற்றுலா என்றதும் நமக்கு ஊட்டி, கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். நாட்டின் நடுவில் இருக்கும் மத்தியப் பிரதேசத்தை யாரும் சொல்வதில்லை. கடந்த நவம்பரில் எங்கள் சிவில் பிரிவு மாணவர்கள் பதினான்கு பேர் அங்கே போய் வந்தோம். பார்த்த மூன்று இடங்களை நம் பாடத்தோடு சேர்த்து, தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

என் ஊர் அனகாபுத்தூர். தாத்தா கல்குவாரியில் கருங்கல் உடைத்தவர். அப்பா கட்டடத்தில் கான்கிரீட் போடும் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். டூருக்குப் பணம் கேட்டபோது அப்பா, "கல்லைப் பாக்கறதுக்கு ரயில் ஏறிப் போவணுமாடா? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?" என்றார். ஆனாலும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் போனேன் என்று சொல்லலாம்.

நம் ஊர்க் கல்

அப்பா சொன்னதும் தப்பில்லை. பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லும் இதே வகைதான். அதனால் 1893ல் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அவர் பெயரையே இதற்கு வைத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்! பல்லாவரத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சிக்குத் தொடக்கம். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே டூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கல் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

பச்மடி: மணற்கல்

சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறினால், ஏறக்குறைய ஒரு நாள் பயணம் செய்து இடார்சி ஜங்ஷனில் இறங்கலாம். அங்கிருந்து ஜபல்பூர் லைனில் போனால் பிபரியா ஸ்டேஷன். பிறகு சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சாத்பூரா மலையின் உச்சியான தூப்கட் (சுமார் 1,350 மீட்டர்) இங்கேதான்.

இங்கே பாறை மணற்கல். மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறை. வெட்டுமுகத்தில் அந்த அடுக்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம், நோட்டுப் புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல! தண்ணீர் இதைச் சுலபமாக அரித்துவிடும். அதனால்தான் ஹாண்டி கோ போன்ற செங்குத்துப் பள்ளங்களும், ஜடாசங்கர் போன்ற குகைகளும், பீ ஃபால்ஸ் அருவியும் உண்டாகியிருக்கின்றன. அருவிக்கு இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினோம். ஏறும்போது ஒருத்தனும் பேசவில்லை.

பேடாகாட்: சலவைக்கல்

ஜபல்பூரிலிருந்து சுமார் 25 கி.மீ. நர்மதை ஆறு வெள்ளைச் சலவைக்கல் மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த பாறை, பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதுதான் சலவைக்கல். படகில் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளை, மஞ்சள், சில இடங்களில் சாம்பல் நிறச் சுவர்கள். காணக் கண் கோடி வேண்டும்! பக்கத்திலேயே துவாந்தார் அருவி. விழுகிற தண்ணீர் புகையாக எழும்புவதால் அந்தப் பெயர் ('துவான்' என்றால் இந்தியில் புகை). மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

இந்தியாவில் முதன்முதலாக டைனோசர் எலும்பு கிடைத்ததும் ஜபல்பூர் பக்கத்தில்தான். 1828ல் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைக் கண்டெடுத்தார்.

அமர்கண்டக்: எரிமலைப் பாறை

நர்மதை பிறக்கும் இடம். விந்தியமும் சாத்பூராவும் சந்திக்கும் மைகல் மலை. கோயிலுக்குள் ஒரு சிறிய குளம், அவ்வளவுதான். அதிலிருந்து 1,312 கி.மீ. ஓடி அரபிக்கடலில் சேருகிறது நர்மதை என்றால் நம்பவே முடியவில்லை. சில கி.மீ. தள்ளி கபில்தாராவில் அது முதல் அருவியாக விழுகிறது. இங்கே இருப்பது பசால்ட், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுப்புப் பாறை.

இதே மலையில் பிறக்கும் சோன் ஆறோ வடகிழக்கே போய்க் கங்கையில் கலக்கிறது. ஆக, ஒரே மலையில் பெய்யும் மழை ஒரு பக்கம் அரபிக்கடலுக்கும் மறுபக்கம் வங்கக்கடலுக்கும் போகிறது. சர்வே பாடத்தில் 'ரிட்ஜ் லைன்' என்று படித்தது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

முடிவுரை

வீட்டுக்கு வந்ததும் பேடாகாட் போட்டோக்களை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இது எத்தினி லோடு வரும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவரே, "இவ்ளோ கல்லு இருந்தும் ஒடைக்காம வுட்டு வச்சிருக்காங்களேடா... உங்க தாத்தா ஒடைச்ச மலைய நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். இப்ப அங்க பள்ளந்தான் இருக்கு" என்றார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

தாத்தாவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பம் சாப்பிட்டது. சென்னைக் கட்டடங்களுக்கும் கல் வேண்டும். ஆனால் நாளை எஸ்டிமேட்டில் 'ஜல்லி இத்தனை கன மீட்டர்' என்று எழுதப்போவது நாம்தான். எழுதுகிற கை, அது எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: வருடம் ஒருமுறை நவம்பரில் இப்பயணத்தை ஏற்பாடு செய்யுங்கள். பணத்தைத் தவணையில் கட்ட வழி செய்தால், முன்பணம் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலை ஏறிப் பாருங்கள். பாடம் அங்கேயும் இருக்கிறது. அடுத்த வாரம் அப்பாவை நான் அழைத்துப் போகிறேன்.