பெட்ரோல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என் பழைய கார்புரேட்டர் பைக்கின் பெட்ரோல் ஃபில்டரை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். இத்தகைய பைக்குகளில் பெட்ரோல் டேங்கிலிருந்து தானாகவே இறங்குகிறது. குழாயில் பம்ப் அழுத்தம் கிடையாது. பெட்ரோல் காக்கை மூடி, கிளிப்பைத் தளர்த்தி, புது ஃபில்டரின் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கும்படி செருகுங்கள். பிறகு காக்கைத் திறந்து, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

"பெட்ரோல் ஆபத்தாயிற்றே" என்பார்கள். உண்மைதான், சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். ஆனால் இன்ஜின் ஆறியபின், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படியல்ல. அதன் குழாயில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். கழற்றியதும் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.