கூத்து கேட்கப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதத் திருவிழா நடக்கும். பகல்ல பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து. நீ பார்க்கப் போறேன்னு சொன்னதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா பார்க்க மட்டும் போகாதே, கேட்கவும் போ. கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணை இழுத்துக்கும். ராத்திரி முழுக்க நம்மளைப் பிடிச்சு உட்கார வைக்கிறது பாட்டுதான்.

முதல்ல வீட்டு வேலை. மறுநாள் விடிகாலையில தெருவுல பாவு நீட்டுற வேலை இருந்தா ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லு. தூக்கம் கெட்ட கையில பட்டு இழை அறுந்துகிட்டே இருக்கும். சாயங்காலம் ரெண்டு மணி நேரமாவது படுத்து எழுந்திரு. பாய், போர்வை, தண்ணி எடுத்துக்கோ. சித்திரையிலகூட நாலு மணிக்குப் பனி இறங்கும். தெருப் பொம்பளைங்களோட சேர்ந்து போ, விடிஞ்சப்புறம் சேர்ந்தே திரும்பு.

களரி கட்டுறதுக்கு முன்னாடியே போயிடு. வேஷக்காரங்க வர்றதுக்கு முன்னால மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்து வாசிக்கிறதைத்தான் களரி கட்டுறதுன்னு சொல்வாங்க. நிறைய பேர் அது முடிஞ்ச பிறகு வர்றாங்க. எனக்கு மனசு பொறுக்காது. முகவீணை நாகஸ்வர வகைதான், ஆனா சின்னது, சுருதி ரொம்ப மேலே. மைக் இல்லாத காலத்துல ஊர்க் கோடி வரைக்கும் கேட்கணும்னு நடிகர்களும் அந்த உச்சத்துலயே பாடிப் பழகினாங்க. இன்னிக்கும் அப்படித்தான்.

ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல உட்காராதே. வாத்தியக்காரங்க பெஞ்சுக்கு ஒரு பக்கமா, முன்னால பாய் போடு. பாட்டு வரி புரியலைன்னா கவலை வேண்டாம். நடிகர் பாடின வரியைப் பின்பாட்டுக்காரங்க திருப்பிப் பாடுவாங்க. முதல் தடவை ராகத்தைக் கேளு, ரெண்டாம் தடவை சொல்லைப் பிடி. கதையை மட்டும் முன்கூட்டியே யாராவது பெரியவங்ககிட்ட கேட்டுக்கோ.

ஒரே ராத்திரிதான் போக முடியும்னா கர்ண மோட்சத்துக்குப் போ. போருக்குக் கிளம்பற கர்ணன் தன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட விடைபெற வருவான், அவ அவன் பிறப்பைச் சொல்லிக் குத்துவா. கேள்வியும் பதிலும் பாட்டாவே போகும். அந்த இடத்துல தூங்கிடாதே. கோமாளியா வர்ற கட்டியக்காரன் பேசற நேரத்துல வேணும்னா டீ குடிச்சிட்டு வா.

ரொம்ப காலம் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைங்களே கட்டினாங்க. இந்தக் கூத்தைக் கட்டைக்கூத்துன்னும் சொல்வாங்க; காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல இருக்கிற கட்டைக்கூத்துச் சங்கம் 1990ல தொடங்கினது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் மாதிரி கலைஞர்கள் அதுக்குப் பின்னால இருந்தாங்க. 2002லேர்ந்து 2020 வரைக்கும் அவங்க நடத்தின குருகுலத்துல பெண் பிள்ளைங்களும் கத்துக்கிட்டாங்க. இப்போ பெண்கள் வேஷம் கட்டி ஆடறாங்க. அப்படி ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, வருதுன்னு தெரிஞ்சா உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போ, அவ அதைப் பார்க்கணும்.

வேஷம் கட்டற கொட்டகைக்குள்ள கேட்காம நுழையாதே, போனை நீட்டாதே. முகத்துக்கு அரிதாரம் பூசறவங்களுக்கு அது வேலை நேரம். பாட்டு பிடிச்சிருந்தா காசு கொடு. ராஜா வேஷக்காரருக்குத்தான் எல்லாரும் கொடுக்கிறாங்க. நீ முகவீணைக்காரரைத் தேடிப் போய்க் கொடு. ராத்திரி முழுக்க மூச்சைக் கொடுத்து ஊதினவர் அவர், அந்த வாத்தியத்தைக் கத்துக்க வர்ற பிள்ளைங்களும் ரொம்பக் குறைவு.

கையில காசில்லைன்னா வேற ஒண்ணு செய்யலாம். நோட்டீஸ்ல இருக்கிற ஜமா பேரையும் அதை நடத்துற வாத்தியார் நம்பரையும் குறிச்சு வச்சுக்கோ. ஊர்கள் கூப்பிட்டாத்தான் அவங்களுக்குப் பொழப்பு. நம்ம தெருக் கோயில் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம்னு பேச்சு வரும்போது எழுந்து நின்னு அந்தப் பேரைச் சொல்லு, நானும் உன் பக்கத்துல நிக்கிறேன்.