தானியம் போன இடத்தில் என்ன வந்தது?

அன்புள்ள தம்பிக்கு,

கிளினிக் திறந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கேள்வி உன் மேசைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். "டாக்டர், கிரெய்ன் ஃப்ரீ குடுக்கலாமா?" இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லப் பழகிவிடாதே. தானியமற்ற நாய் உணவுப் பையின் முன்பக்கம் எது இல்லை என்பதை மட்டும் பெரிய எழுத்தில் சொல்கிறது. அரிசியும் கோதுமையும் சோளமும் போன இடத்தில் என்ன வந்தது என்பதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தேட வேண்டும்.

ஏதாவது ஒன்று வந்தே தீரும். கிப்பிள் என்ற உலர் உணவு எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் வெந்து, உப்பி, உருக்குலையாமல் நிற்க மாவுச்சத்து வேண்டும். தானியம் இல்லாவிட்டால் பட்டாணி, மசூர் பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மரவள்ளி என்று ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்யும். பையில் புரதம் 30, கொழுப்பு 15, நார் 5, ஈரம் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வை. சாம்பல் சத்துக்கு 8 சேர்த்து 100-இலிருந்து கழி. ஏறக்குறைய 32 சதவீதம் மாவுச்சத்து மிஞ்சும். அதனால் பயமில்லை. ஓநாயைவிட நாய்க்கு அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு கூடுதல் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய உயிர் அது. ஆனால் மாவுச்சத்தே இல்லாத உணவு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியது நம் கடமை.

அடுத்து மூலப்பொருள் வரிசை. எடை அதிகமானது முதலில் வரும், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. முதலில் 'கோழி இறைச்சி' என்று இருந்தால் அதில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். 30 கிலோ கோழி காய்ந்தால் 9 கிலோதான் தேறும். கீழே பட்டாணி 12 கிலோ, பட்டாணிப் புரதம் 10, பட்டாணி நார் 10 எனத் தனித்தனியாக இருந்தால், காய்ந்த பிறகும் அவை சேர்ந்து 28 கிலோவுக்கு மேல் நிற்கும். படத்தில் கோழி, பைக்குள் பட்டாணி. ஆகவே ஒரே பயறு எத்தனை பெயரில் வருகிறது என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, பிறகு பேசு. 'சிக்கன் மீல்' என்பதைப் பார்த்ததும் பலர் முகம் சுளிக்கிறார்கள். தண்ணீரும் கொழுப்பும் நீக்கிய இறைச்சிப் பொடி அது. நல்ல இடத்திலிருந்து வந்தால் அதே எடையுள்ள பச்சை இறைச்சியைவிட அதில் புரதம் அதிகம்.

புரதச் சதவீதத்தைப் பார்த்தும் அசந்துவிடாதே. ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்லும் எண் அது. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. 2007-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைக் குளூட்டனில் மெலமைன் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். சிறுநீரகம் பழுதாகி நாய்களும் பூனைகளும் செத்தன. கொன்றது கலப்படம், ஆனால் மக்கள் மனத்தில் பழி கோதுமை மேலும் ஒட்டிக்கொண்டது.

பட்டாணியும் பருப்பும் கெட்ட பொருள்கள் அல்ல. அமினோ அமிலங்களில் லைசின் அவற்றில் நிறைய, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் இது தலைகீழ். சோறும் பருப்பும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவது அப்படித்தான். சோற்றை எடுத்துவிட்டுப் பருப்பை மட்டும் ஏற்றினால், மெத்தியோனினை இறைச்சியிலிருந்தோ தனியாகச் சேர்த்தோ ஈடுசெய்தாக வேண்டும். மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டிலிருந்தும்தான் நாய் தனக்கான டாரினைத் தயாரித்துக்கொள்கிறது. இதயத் தசைக்கு அது தேவை. பித்தநீர் அமிலத்தோடு இணைவதற்கும் நாயின் உடல் டாரினையே நம்பியிருக்கிறது. சிலவகை நார் அந்தப் பித்தத்தைக் குடலில் பிடித்து மலத்தோடு வெளியேற்றும்போது டாரினும் கூடவே போகிறது. ஆக, வரவும் குறையலாம், செலவும் கூடலாம்.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விடுத்த எச்சரிக்கையை இந்தப் பின்னணியில் படி. இதயம் விரிந்து தளரும் டிசிஎம் நோய், வழக்கமாக அது வராத இன நாய்களிலும் தென்படுகிறது என்றது அது. 2014 தொடக்கம் முதல் 2019 ஏப்ரல் வரை வந்த 524 புகார்களில் பேசப்பட்ட உணவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் தானியமற்றவை. 93 சதவீதத்தில் பட்டாணியோ மசூர் வகைப் பருப்போ இருந்தது. கோல்டன் ரெட்ரீவர் நிறைய. ஆனால் பாதிக்கப்பட்ட பல நாய்களின் ரத்தத்தில் டாரின் சரியாகவே இருந்தது. புகார் எண்ணிக்கை மட்டும் காரணத்தை நிறுவாது என்பதை எஃப்டிஏவே சொன்னது. அர்த்தமுள்ள புதிய அறிவியல் தகவல் வரும்வரை மேற்கொண்டு அறிக்கை இல்லை என்று 2022 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. 2000-களின் தொடக்கத்திலேயே ஆட்டிறைச்சியும் அரிசியும் கலந்த உணவு தின்ற சில நாய்களில் டாரின் குறைவு பதிவாகியிருக்கிறது என்பதையும் மறக்காதே. அரிசி இருந்தால் மட்டும் இதயம் பத்திரம் என்று ஆகிவிடாது. 'தானியம் இல்லை, அதனால் ஆபத்து' என்பதும் அவசர முடிவே. உணவின் மொத்தக் கலவையைத்தான் எடைபோட வேண்டும்.

பையில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வாசகம் உண்டா என்று பார். எந்த வயதுக்கு என்றும் பார். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கெடும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோவின் அளவுப்படி உலர்நிலையில் உச்சம் 1.8 சதவீதம். கூடவே ஒன்று சொல்கிறேன், இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். ஆஃப்கோ முறையில் வளர்ந்த நாய்க்கு நடக்கும் உணவுச் சோதனை 8 நாய்களோடு தொடங்கி 26 வாரம் ஓடுகிறது. 6 நாய்கள் முடித்தால் போதும். அதில் எக்கோ என்ற இதய ஸ்கேன் இல்லை. நாய் உணவுக்கு டாரின் குறைந்தபட்ச அளவும் ஆஃப்கோ பட்டியலில் இல்லை. மெதுவாக வரும் இதய நோய் அந்த வலையில் சிக்காது. அதனால்தான், கலவையை வகுத்தவர் யார், முழுநேர ஊட்டச்சத்து வல்லுநர் இருக்கிறாரா, செரிமானச் சோதனை நடந்ததா என்று நிறுவனத்துக்கே எழுதிக் கேள். நல்ல நிறுவனம் பதில் எழுதும்.

நம் ஊரில் இந்தப் பைக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் அரிப்புதான். "அரிசி ஒத்துக்கலை டாக்டர்" என்பார்கள். முதலில் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பார், காதில் பூஞ்சையைப் பார். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களை அலசிய 2016 ஆய்வில் மாட்டிறைச்சி 34, பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம். தினமும் தயிர்சாதமும் கோழியும் தின்கிற நாய்க்கு அரிசியை மட்டும் நிறுத்துவது எந்த நியாயம்? கோழி போட்ட கிரெய்ன் ஃப்ரீயை வாங்கினால் சந்தேகப் பொருள் தட்டிலேயே இருக்கும். எட்டு வாரம் ஒழுங்காக விலக்குணவு கொடுத்துப் பார்க்காமல் ஒவ்வாமை என்று சீட்டில் எழுதாதே. குளூட்டன் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத ஐரிஷ் செட்டர் குடும்பங்கள் உண்டு. அவை அபூர்வம்.

சில வீடுகளில் இந்தப் பைக்காகத் தங்கள் செலவைச் சுருக்குகிறார்கள். பயத்தை விற்றுப் பணம் பண்ணுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் வாங்கியவர் அன்பினால் வாங்கினார். அவரைக் குற்றவாளியாக உணரவைத்து அனுப்பிவிடாதே.

பையோடு வரச் சொல். லூஸில் வாங்கியதென்றால் எதையும் கணிக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடு. பெயரையும் பேட்ச் எண்ணையும் கேஸ் ஷீட்டில் எழுது. பட்டாணியும் பருப்பும் முதல் வரிசையில் உள்ள உணவை நெடுநாள் தின்ற நாய் இளைத்து, மூச்சு வாங்கி, நடைக்கு மறுத்தால் எக்கோவுக்கு அனுப்பு. டாரினுக்கான ரத்தத்தை உணவை மாற்றுவதற்கு முன்பே எடுத்துவிடு. பிறகு எடுத்தால் பழைய நிலை தெரியாது. உணவை மாற்றிச் சில மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடு. அப்படி மாற்றியபின் இதயம் தேறிய நாய்கள் உண்டு. அந்த அறிக்கையை எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்