மலை இறங்கும் காய்கறி லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக்

நீலகிரியில் விளையும் காரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் ஆகியவை லாரியேறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவுதான். வண்டியும் சரக்குமாக 10 டன் எடை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 5 குதிரைத்திறன் மோட்டாரைச் சுமார் 14 மணி நேரம் ஓட்டப் போதுமானது. காற்றும் டயரும் ஒரு பகுதியைத் தின்றாலும், மீதியை எங்காவது கழித்தாக வேண்டும். கால் பிரேக்கையே நம்பினால் அவ்வளவும் டிரம்மில் சூடாக ஏறும். காய்ந்துபோன லைனிங் பிடிப்பை இழந்துவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

இந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சின் மேல் போடுவதற்காக வந்ததே எக்ஸாஸ்ட் பிரேக். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் பொதுவாக அந்த வழி திறந்தே இருக்கும். பிஸ்டன் காற்றை அமுக்கச் செலவிட்ட சக்தியில் பெரும்பகுதியை அந்தக் காற்றே விரிந்து திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் பிடிப்புக் குறைவு.

இக்குறையைத் தீர்க்கப் புகைக் குழாயினுள் வட்டத் தகடு ஒன்று பொருத்தப்படுகிறது. டிரைவர் சுவிட்சைப் போட்டால் தகடு திரும்பிக் குழாயை அடைக்கும். எஞ்சினுக்கு டீசலும் நிற்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தவர்களுக்கு மீதி விளங்கும். வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்து ஒவ்வொரு பிஸ்டனும் தள்ள வேண்டியிருப்பதால் எஞ்சின் திணறும். அந்தத் திணறல் கியர் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சென்று வண்டியைத் தடுக்கும்.

கியர் வழியாக என்பதைக் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் இறங்கினாலோ கிளட்சை மிதித்துக்கொண்டே வந்தாலோ இந்தப் பிரேக் இருந்தும் இல்லாததுதான். டீசல் மிச்சமென்று நினைத்துச் சிலர் நியூட்ரலில் இறங்குகிறார்கள். உண்மையில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போதுதான் டீசல் செல்வது நிற்கிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓடவே கொஞ்சம் செலவாகிறது.

எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் இதற்குப் பலம். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. வேகம் மீறினால் கால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, குறைந்ததும் விட வேண்டும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் டிரம்மைக் காய்ச்சுகிறது. மழை ஈரத்தில் காலி லாரியானால் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் நிதானம் வேண்டும், பின்சக்கரம் சறுக்கக்கூடும்.

டிராக்டர்களில் பொதுவாக இந்த வசதி கிடையாது. கீழ் கியரே துணை. இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கியை ரோட்டில் ஏறுமுன் போட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிரெய்லரோடு கவிழ நேரும்.

புகைக் கரி படிந்து தகடு இறுகிவிடுவது உண்டு. சுவிட்சு இருக்கும், பிடிப்பு இருக்காது. வாடகை லாரியில் மூட்டை ஏற்றுமுன், எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று சரக்குக்காரர் டிரைவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் சிறு இறக்கத்தில் சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் சத்தம் மாறி வண்டி இழுபட வேண்டும்.